காரில் பெட்ரோல் கேன் வேண்டாம், தண்ணீர்க் கேன் வேண்டும்: சிங்கப்பூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஜூன் பள்ளி விடுமுறையில் ஒருமுறை மலேசியாவில் உள்ள பத்துமலை முருகன் கோயிலுக்குக் காரில் கிளம்பினோம். நான், மனைவி, ஆறு வயது மகள், ஊரிலிருந்து வந்திருந்த அம்மா. முதல் நாள் இரவு, புல்வெட்டும் வேலை எடுத்துச் செய்யும் நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். "புது ரூட்டு, வழியில வண்டி நின்னுட்டா என்ன பண்ணுவே?" என்று ஐந்து லிட்டர் பெட்ரோல் கேன் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். அன்பாகத்தான் கொடுத்தார். எங்கள் ஊர்ப்பக்கம் டிராக்டரிலும் வேனிலும் கேன் இல்லாமல் யாரும் தூரம் போவதில்லை என்பதால் எனக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. வாங்கி டிக்கியில் வைத்துக்கொண்டேன்.

எல்லையில் உள்ள உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடிக்கு முன்பே வண்டிகள் நின்றுவிட்டன. ஒரு மணி நேரத்தில் காருக்குள் பெட்ரோல் வாடை. மகளுக்குக் குமட்டல். ஜன்னலைத் திறந்தால் வெயிலும் லாரிப் புகையும். கையில் இருந்தது அரை லிட்டர் பாட்டில் இரண்டு. அம்மாவுக்குச் சர்க்கரை நோய், அடிக்கடி தண்ணீர் குடிக்க வேண்டும். இரண்டாவது மணி நேரத்தில் தண்ணீர் தீர்ந்தது. மூன்றாவது மணி நேரத்தில் அம்மா பேசுவதையே நிறுத்திவிட்டார். எல்லைக்கு அந்தப் பக்கம் ஜோகூர் பாருவில் முதல் கடையைப் பார்த்ததும் ஓடிப்போய்த் தண்ணீர் வாங்கினேன். அவர் முகம் அன்று இருந்த இருப்பை என்னால் மறக்க முடியவில்லை.

திரும்பி வரும்போது, தொடாமலே வைத்திருந்த அந்தக் கேன் சோதனையில் மாட்டியது. அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். எங்கே வாங்கியது, எதற்காக, எத்தனை லிட்டர் என்று விசாரித்து, கேனை எடுத்துக்கொண்டு எச்சரித்து அனுப்பினார்கள். அதற்கு இரண்டரை மணி நேரம் ஆனது. அதற்குள் மகள் பின்சீட்டில் தூங்கிப்போனாள்.

அதன் பிறகு விதிகளைத் தேடிப் படித்தேன், கேட்டுத் தெரிந்துகொண்டேன், காரில் என்ன வைப்பது என்பதையே மாற்றிக்கொண்டேன். நீங்கள் புதிதாக வந்து கார் வாங்கியிருந்தாலும் வாடகைக்கு எடுத்திருந்தாலும் வேலை லாரி ஓட்டினாலும், இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

1. பெட்ரோல் கேன் உங்களுக்குத் தேவையா என்று முதலில் கணக்குப் போடுங்கள்

சிங்கப்பூருக்குள் மட்டும் ஓட்டுகிறவர் என்றால் கணக்கே வேண்டியதில்லை. தீவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர்தான். பெட்ரோல் விளக்கு எரிந்த பிறகும் பெரும்பாலான கார்கள் இன்னும் சில பத்து கிலோமீட்டர் ஓடும். அதற்குள் ஒரு பெட்ரோல் நிலையம் கண்ணில் படாமல் போவது இங்கே கடினம்.

மலேசியாவுக்குப் போகிறவர்களும் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சாதாரணக் காரின் டேங்க் 45 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். சிங்கப்பூர்ப் பதிவு வண்டி முக்கால் டேங்க் இல்லாமல் எல்லை தாண்ட முடியாது, அதாவது சுமார் 34 லிட்டர். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுத்தால் 400 கிலோமீட்டர். கோலாலம்பூர் இங்கிருந்து ஏறக்குறைய 350 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் மச்சாப், பாகோ, ஆயர் கெரோ என்று ஓய்விடங்கள் வரிசையாக வருகின்றன, பெட்ரோல் போட வசதியும் இருக்கிறது. அந்த ஐந்து லிட்டர் கேனுக்கு எந்த இடத்திலும் வேலை இல்லை.

ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலே எழுந்து கலைந்து போகாது, டிக்கியின் அடியில் தேங்கும். காற்றில் ஒன்றரை சதவீத அளவுக்குக் கலந்தாலே பற்றிக்கொள்ளும். 400 லிட்டர் கொள்ளளவுள்ள டிக்கியை அந்த நிலைக்குக் கொண்டுவர, நான் கணக்குப் போட்டுப் பார்த்தவரை, 30 மில்லி பெட்ரோல் ஆவியானால் போதும். இரண்டு மேசைக்கரண்டி! மூடி சரியாகத் திருகப்படாத கேன் ஒரு பிற்பகலில் அவ்வளவு கசியும். பின்சீட்டுக்கும் டிக்கிக்கும் நடுவில் இருப்பது பஞ்சும் அட்டையும்தான், வாடை எங்களுக்கு வந்தது அந்த வழியாகத்தான்.

வெயிலில் பெட்ரோல் விரிவடைவதும் உண்டு. பத்து டிகிரி சூடு ஏறினால் அளவு ஏறக்குறைய ஒரு சதவீதம் கூடும். திறந்தவெளியில் நிறுத்திய காரின் உட்புறம் நம் ஊர் வெயிலில் 50 டிகிரியைத் தாண்டிவிடும். விளிம்புவரை நிரப்பிய கேன் உப்பி, மூடி வழியாகக் கசியத் தொடங்கும்.

2. எல்லை தாண்டுவதானால்: டேங்கில் மட்டும், கேனில் வேண்டாம்

சிங்கப்பூரிலிருந்து தரைவழியாக வெளியேறும் சிங்கப்பூர்ப் பதிவு கார்களில் குறைந்தது முக்கால் டேங்க் பெட்ரோல் இருக்க வேண்டும். இல்லையென்றால் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், அதோடு திருப்பியும் அனுப்பிவிடுவார்கள். பணத்தைவிட வரிசையில் இழந்த இடம்தான் அதிகம் வலிக்கும், மறுபடி கடைசியிலிருந்து நிற்க வேண்டும்.

இதில் பலரும் விழும் பள்ளம் ஒன்று இருக்கிறது. கிளம்பும்போது முள் சரியாக முக்காலில் நிற்கும். பிறகு இரண்டு மணி நேரம் ஏசி போட்டபடி வரிசையில் ஊர்ந்தால், சாவடிக்குப் போய்ச் சேரும்போது முக்காலுக்குக் கீழே இறங்கியிருக்கும். ஆகவே முக்கால் என்று கணக்குப் பார்க்காமல் முழு டேங்க் போட்டுவிடுங்கள். 45 லிட்டர் டேங்கில் அந்த மீதிக் கால் பங்கு பத்துப் பன்னிரண்டு லிட்டர்தான். இங்கே விலை அதிகம் என்பது உண்மை. 2021 பிப்ரவரியிலிருந்து 95 ரகப் பெட்ரோலுக்கு லிட்டருக்குத் தீர்வை மட்டுமே 66 காசு, அதற்கு மேல் பொருள் சேவை வரி. அப்படியிருந்தும் பிள்ளைகளோடு போகிற பயணத்தில் அந்த வித்தியாசத்தை மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். பெட்ரோல் முள்ளில் கைவைத்து அதிகமாகக் காட்டச் செய்யும் தந்திரம் பற்றி யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள், அது தனிக் குற்றம்.

திரும்பி வரும்போது வண்டியின் சொந்த டேங்கில் இருக்கும் பெட்ரோலால் பிரச்சினை இல்லை. தனிக் கேனில் கொண்டுவருவது வேறு விஷயம். அது இறக்குமதி. சுங்கத் தீர்வையும் பொருள் சேவை வரியும் அதற்கு உண்டு. எளிதில் தீப்பற்றும் பொருள் என்பதால் தீயணைப்பைக் கவனிக்கும் சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படையின் உரிம விதிகளும் வந்து சேரும். "அங்கே விலை குறைவு, ஒரு கேன் கொண்டு வாங்களேன்" என்று யார் கேட்டாலும் மறுத்துவிடுங்கள். காலிப் பெட்ரோல் கேனையும் வண்டியில் வைக்காதீர்கள். உள்ளே ஆவி இருக்கும், பார்ப்பவருக்குச் சந்தேகமும் வரும்.

மலேசியாவில் பெட்ரோல் போட நேர்ந்தால் ரான் 97 போடுங்கள். ரான் 95 மானிய விலைப் பெட்ரோல், வெளிநாட்டுப் பதிவு வண்டிக்கு அது கிடையாது. பம்ப்பில் மஞ்சள் கைப்பிடியைப் பார்த்தால் கையை எடுத்துவிடுங்கள்.

3. ஆவணங்கள், அவற்றுக்கான செலவு

கேனில் மாட்டியபோது என்னிடம் ஆவணங்கள் எல்லாம் சரியாக இருந்ததால்தான் விஷயம் அதோடு முடிந்தது என்று நினைக்கிறேன். ஒரே கோப்பில் இவற்றை வைத்துக்கொள்ளுங்கள்: எல்லாருடைய கடப்பிதழ் (பாஸ்போர்ட்), உங்கள் வேலை அனுமதி அட்டை, ஓட்டுநர் உரிமம், வண்டிப் பதிவு விவரத்தின் அச்சுப்படி, காப்புறுதி (இன்ஷூரன்ஸ்) சான்றிதழ். பதிவு விவரத்தை நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் தளத்தில் எடுக்கலாம்.

மலேசியாவின் வாகன நுழைவு அனுமதியை மூன்று வாரம் முன்னாலேயே தொடங்குங்கள். வி.இ.பி. என்று எல்லாரும் சொல்வது இதைத்தான். ஒட்டும் பட்டைக்கு 10 ரிங்கிட், ஐந்து வருடம் செல்லும். அது இல்லாமல் ஓட்டினால் 2025 ஜூலை 1 முதல் 300 ரிங்கிட் அபராதம் விதிக்கிறார்கள். ஒவ்வொரு முறை நுழையும்போதும் சாலைக் கட்டணம் 20 ரிங்கிட். டச் அண்ட் கோ அட்டையில் இதற்கும் நெடுஞ்சாலைக் கட்டணத்துக்கும் போதுமான பணம் இருக்கட்டும். நடுவழியில் அட்டை காலியானால் பின்னால் நிற்பவர்களுக்கும் சேர்த்துத் தொல்லை.

நம்மவர்கள் அடிக்கடி மறப்பது மலேசியாவின் மின்னிலக்க வருகை அட்டை. சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு விலக்கு உண்டு. இங்கே வேலை அனுமதியில் இருக்கும் இந்தியக் கடப்பிதழ்க்காரர்களுக்கும் ஊரிலிருந்து வந்த பெற்றோருக்கும் அது தேவை. போய்ச் சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். இலவசம்தான், பணம் கேட்கும் தளம் என்றால் உடனே மூடிவிடுங்கள்.

வாடகைக் கார் என்றால் எல்லை தாண்ட நிறுவனத்தின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும், கூடுதல் கட்டணமும் கேட்பார்கள். வாயால் "சரி, போய் வாருங்கள்" என்று சொன்னதை நம்பிக் கிளம்பாதீர்கள்.

4. தண்ணீர்: எவ்வளவு, எதில்

இந்தக் கட்டுரையை நான் எழுத உட்கார்ந்ததே இந்தப் பகுதிக்காகத்தான்.

அவசர காலத்துக்கு ஒருவருக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. குடிக்க, கைகழுவ எல்லாம் சேர்த்து. காரில் ஒரு நாள் பயணத்துக்கு நான் வைக்கும் கணக்கு: ஆளுக்கு ஒன்றரை லிட்டர் குடிநீர், அதற்கு மேல் பொதுவாக ஐந்து லிட்டர். வயதானவரோ கைக்குழந்தையோ இருந்தால் இன்னும் ஒன்றரை லிட்டர் சேர்த்துக்கொள்வேன். நாங்கள் நான்கு பேர், அம்மாவும் உண்டு. ஆக 12.5 லிட்டர், அதாவது 12.5 கிலோ. டிக்கியில் பெரிய இடம் எடுக்காது. எல்லையில் நெரிசல் நாட்களில் மூன்று மணி நேரம் வரை காத்திருக்க நேரலாம் என்று குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையமே பலமுறை அறிவித்திருக்கிறது. அந்த மூன்று மணி நேரத்தை மனத்தில் வைத்துத்தான் இந்த அளவு.

கேன் வாங்கும்போது அடியில் திருப்பிப் பாருங்கள். முக்கோணத்துக்குள் 2 அல்லது 5 என்று எண் இருந்தால் நல்லது. முள்கரண்டியும் குவளையும் சேர்ந்த உணவுப் பொருள் குறி இருந்தால் இன்னும் நல்லது. எண் 1 போட்ட மெல்லிய பாட்டில்கள் கடையில் வாங்கும் தண்ணீருக்கானவை, அவற்றைத் திரும்பத் திரும்ப நிரப்பிக் காரில் வைக்க வேண்டாம். எண்ணெய், சாயம், சோப்புத் திரவம் இருந்த பழைய கேன்களை எவ்வளவு கழுவினாலும் குடிநீருக்கு எடுக்காதீர்கள். வாடை போனாலும் பிளாஸ்டிக் உறிஞ்சியது போகாது.

இருபது லிட்டர்க் கேன் ஒன்று வாங்கினால் மலிவுதான். ஆனால் நிரம்பிய கேன் 20 கிலோ. உங்கள் மனைவியோ அம்மாவோ நெரிசலில் அதைச் சாய்த்து ஊற்ற முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். நான் ஐந்து லிட்டர்க் கேன்தான் வைத்திருக்கிறேன், இரண்டு. இரண்டும் சேர்த்து 14 வெள்ளி ஆயின. பயணத்தில் ஒன்று டிக்கியில் போகும், இன்னொன்று வீட்டில் நிரம்பி இருக்கும். கையில் எடுத்துக் குடிக்கத் தனியாக எஃகுப் பாட்டில்கள்.

நிறம் பற்றி ஒரு வார்த்தை. தண்ணீர்க் கேன்கள் பெரும்பாலும் நீலம் அல்லது வெள்ளை, பெட்ரோல் கேன்கள் சிவப்பு. ஆனால் சில நாடுகளில் மண்ணெண்ணெய்க் கேனும் நீலம்தான். ஆகவே நிறத்தை நம்பாமல், அழியாத மையால் பெரிதாக 'குடிநீர்' என்று எழுதி, நிரப்பிய தேதியையும் எழுதிவிடுங்கள். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது என்பதால் தமிழில்தான் எழுதினேன்.

5. நிரப்புவது, கட்டுவது, மாற்றுவது

வாங்கிய அன்றே கசிவு பாருங்கள். முழுதாக நிரப்பி, இறுக மூடி, செய்தித்தாளின் மேல் தலைகீழாக ஓர் இரவு வையுங்கள். காலையில் தாள் ஈரமாக இருந்தால் கடையில் மாற்றிக்கொள்ளுங்கள். அடியில் குழாய் வைத்த கேன்களில்தான் இந்தக் கசிவு அதிகம்.

முதல் தடவை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி வாசனையில்லாத பிளீச் கலந்து, உள்ளே எல்லாப் பக்கமும் படும்படி குலுக்கி, அரை நிமிடம் விட்டுக் கொட்டிவிடுங்கள். காய்ந்ததும் நிரப்பலாம்.

சிங்கப்பூர்க் குழாய் நீரை அப்படியே குடிக்கலாம். ஊர்ப் பழக்கத்தில் கொதிக்கவைத்து ஆறவைத்து நிரப்பத் தோன்றும். சேமிப்புக்கு அது தேவையில்லை. குழாய் நீரில் கிருமி வளராமல் காக்கச் சிறிதளவு குளோரமின் இருக்கிறது, கொதிக்கவைத்தால் அந்தக் காப்பு குறைந்துவிடும். செலவு? பொதுப் பயனீட்டுக் கழகத்தின் இப்போதைய வீட்டுக் கட்டணம் ஆயிரம் லிட்டருக்கு 3 வெள்ளி 24 காசு. பத்து லிட்டர் மூன்று காசு. கடையில் பாட்டிலாக வாங்கினால் விலை பல மடங்கு. 2026 ஏப்ரல் 1 தொடங்கும் திட்டத்தில், 150 மில்லியிலிருந்து மூன்று லிட்டர் வரையான பானப் பாட்டில்களுக்கு பத்துக் காசு முன்பணமும் சேர்கிறது. அதற்கான முத்திரை போட்ட காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணம் திரும்ப வரும், தூக்கி எறியாதீர்கள்.

வைக்கும் இடம் டிக்கியின் தரை, பின்சீட்டின் முதுகோடு ஒட்டி. பட்டை போட்டுக் கட்டுங்கள். கட்டாத ஐந்து கிலோ கேன், 50 கிலோமீட்டர் வேகத்தில் சட்டென்று மோதி நின்றால் பல மடங்கு விசையோடு முன்னால் பாயும். பின் கண்ணாடி ஓரத்தில் உள்ள தட்டில் பாட்டில் வைக்கவே வைக்காதீர்கள். தண்ணீர் நிறைந்த தெளிவான பாட்டில் வெயிலில் பூதக்கண்ணாடி மாதிரி வேலை செய்து சீட்டைக் கருக்கும்.

எத்தனை நாள் வைக்கலாம்? வீட்டில், நிழலில், மூடிய கேனில் ஆறு மாதம். காரில் அவ்வளவு வைக்க வேண்டாம். சூட்டில் பிளாஸ்டிக்கிலிருந்து தண்ணீருக்குள் பொருள்கள் இறங்குவது கூடும், ருசியும் மாறும். மாடிக் கார் நிறுத்துமிடத்தில் நிழலில் நிற்கும் வண்டி என்றால் மாதம் ஒருமுறை மாற்றுகிறேன். திறந்தவெளியில் நிற்கும் வண்டி என்றால் வாரம் ஒருமுறை மாற்றுங்கள், அல்லது பயணத்தன்று மட்டும் ஏற்றுங்கள். பழைய தண்ணீரைக் கொட்ட வேண்டாம், செடிக்கு ஊற்றலாம், தரை துடைக்கலாம்.

காலிக் கேனை வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு நடைபாதையில் திறந்து வைக்காதீர்கள். மழைச் சாரலில் நாலு சொட்டுத் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும். தேசியச் சுற்றுப்புற வாரியம் அபராதம் போடும், அக்கம்பக்கத்தில் டெங்கி வந்தால் அது அதைவிடப் பெரிய விஷயம்.

ரேடியேட்டருக்கு என்று தனியாக ஒரு பாட்டில் வைத்து 'வண்டிக்கு' என்று எழுதுங்கள். எஞ்சின் கொதித்தால் உடனே மூடியைத் திறக்காதீர்கள், நீராவி முகத்தில் அடிக்கும். குறைந்தது அரை மணி நேரம் ஆறவிட்டு, துணி போட்டு மெதுவாகத் திறக்க வேண்டும்.

6. எரிபொருள் எடுத்துப் போயே ஆக வேண்டிய வேலையில் இருப்பவர்களுக்கு

புல்வெட்டும் இயந்திரம், ஜெனரேட்டர், கம்ப்ரெசர் வைத்து வேலை செய்யும் தம்பிகள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். "வேண்டாம்" என்று சொல்லி உங்களிடமிருந்து நான் நழுவ முடியாது.

குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் பெட்ரோலியப் பொருளை ஏற்றிச் செல்லும் வண்டிக்குக் குடிமைத் தற்காப்புப் படையின் உரிமம் வேண்டும், ஓட்டுபவருக்கும் அபாயப் பொருள் போக்குவரத்துக்கான தனி அனுமதி வேண்டும். பெட்ரோலுக்கும் டீசலுக்கும் அளவு ஒன்றல்ல. உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரியிடம், "நாங்கள் தினமும் ஏற்றும் அளவுக்கு உரிமம் தேவையா, இருந்தால் காட்டுங்கள்" என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, மாட்டினால் வண்டியில் இருப்பவர் நீங்கள்.

கேனில் ஐ.நா. குறி இருக்கிறதா பாருங்கள். 3H1 என்றால் பிளாஸ்டிக் ஜெர்ரி கேன், 3A1 என்றால் எஃகு. பிளாஸ்டிக் கேனில் தயாரித்த மாதமும் வருடமும் கடிகாரம் மாதிரி அச்சிட்டிருக்கும். அதிலிருந்து ஐந்து வருடம்தான் அதன் ஆயுள். சமையல் எண்ணெய்க் கேன், தண்ணீர் பாட்டில் எதிலும் பெட்ரோல் ஊற்றக் கூடாது. ஊற்றியதை யாரோ தண்ணீர் என்று குடித்துவிடும் ஆபத்து மெய்யானது.

பெட்ரோல் நிலையத்தில் கேனை நீட்டும் முன் ஊழியரிடம் கேளுங்கள். முடியாது என்றால் வாதாட வேண்டாம், நீங்களே பம்ப்பை எடுத்து நிரப்பவும் வேண்டாம். அனுமதித்தால் கேனை வண்டியிலிருந்து இறக்கித் தரையில் வைத்து நிரப்புங்கள். லாரித் தட்டிலோ டிக்கி விரிப்பிலோ வைத்து நிரப்பினால் நிலைமின்சாரம் சேர்ந்து பொறி பறக்கலாம். குழாயின் மூக்கு கேனின் வாயைத் தொட்டபடியே இருக்கட்டும். கொஞ்சம் இடம் விட்டு நிறுத்துங்கள். வாயால் உறிஞ்சி எடுக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள், நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

இன்னொரு சிக்கல் சுரங்கப்பாதை. மத்திய விரைவுச்சாலை, காலாங் பாய லேபார் விரைவுச்சாலை, மரினா கரையோர விரைவுச்சாலை ஆகியவற்றின் சுரங்கங்களில் தீப்பற்றும் பொருள் ஏற்றிய வண்டிகளுக்கு அனுமதி இல்லை. கைபேசி வரைபடத்துக்கு நீங்கள் என்ன ஏற்றியிருக்கிறீர்கள் என்று தெரியாது. குறுக்கு வழி என்று நேராக உள்ளே கூட்டிப்போகும், கிளம்பும் முன்பே பாதையைப் பார்த்துவையுங்கள்.

ஆட்கள் உட்கார்ந்திருக்கும் லாரித் தட்டில் பெட்ரோல் கேனை வைக்காதீர்கள். மேற்பார்வையாளர் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து அதற்கு வேறு வண்டி ஏற்பாடு செய்யுங்கள். அதே லாரியில் போதுமான குடிநீரை ஏற்றுங்கள். மனிதவள அமைச்சு 2023 அக்டோபரில் அறிவித்த வெப்ப நடைமுறைப்படி வெயிலில் வேலை செய்பவர் மணிக்குக் குறைந்தது 300 மில்லி குடிக்க வேண்டும். பத்துப் பேர், எட்டு மணி நேரம் என்றால் 24 லிட்டர். ஐந்து லிட்டர் ஜாடி ஒன்றை வைத்துவிட்டுத் தண்ணீர் கொடுத்ததாகச் சொல்ல முடியாது.

7. வண்டி நின்றே போனால்

கேன் இல்லையே என்று பயப்பட வேண்டியதில்லை. சிங்கப்பூர் விரைவுச்சாலையில் நின்றால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் இமாஸ் மீட்பு வண்டி வந்து, அருகில் குறித்துவைத்துள்ள கார் நிறுத்துமிடம் வரை இலவசமாக இழுத்துப்போகும். அங்கிருந்து பணிமனைக்கோ வீட்டுக்கோ உங்கள் செலவு. எனக்கு ஒருமுறை மின்கலம் போனபோது 90 வெள்ளி ஆனது. காப்புறுதியில் சாலையோர உதவி இருக்கிறதா, மலேசியாவிலும் அது செல்லுமா, எத்தனை கிலோமீட்டர் வரை இழுப்பார்கள் என்று பாலிசியைப் புதுப்பிக்கும் நாளிலேயே கேட்டு, எண்ணைக் கைபேசியில் பதிந்துவையுங்கள்.

மலேசிய வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் பிளஸ் நிறுவனத்தின் உதவி எண் 1800 88 0000. எந்தக் கிலோமீட்டர்க் கல் அருகில் நிற்கிறீர்கள் என்று சொன்னால் ரோந்து வண்டி வரும். எங்கே நின்றாலும் அவசர விளக்கைப் போட்டுவிட்டு, எல்லாரையும் இறக்கி, தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்க வையுங்கள், தண்ணீரைக் கையோடு எடுத்துக்கொண்டு. புகையோ தீயோ என்றால் இங்கே 995, அங்கே 999.

ஒரு கிலோ உலர்தூள் தீயணைப்பான் ஒன்று வாங்குங்கள். நான் 30 வெள்ளிக்கு வாங்கினேன். அதை டிக்கியில் போட்டுப் பூட்டினால் பயனில்லை, ஓட்டுநர் கைக்கு எட்டும்படி பொருத்த வேண்டும். முள் பச்சையில் நிற்கிறதா என்று மாதம் ஒருமுறை, தண்ணீர் மாற்றும் நாளில் பார்த்துவிடுங்கள்.

8. கிளம்பும் வாரத்தின் நேரக் கணக்கு

மூன்று நாள் முன்னால் வருகை அட்டை. முதல் நாள் மாலை முழு டேங்க், டயர்க் காற்று. இரவில் தண்ணீர் நிரப்பி ஃப்ரிட்ஜில் இரண்டு பாட்டில். அம்மாவின் மாத்திரை, மகளுக்கு மாற்று உடுப்பு, ஒரு டார்ச், எல்லாம் முன்சீட்டின் அடியில். வெள்ளிக்கிழமை மாலையும் சனிக்கிழமை காலை ஒன்பது மணியும் வேண்டாம். சனி அதிகாலை ஐந்துக்கு முன் சாவடியைக் கடந்துவிடப் பாருங்கள். கிளம்புவதற்குப் பத்து நிமிடம் முன் ஒன்மோட்டரிங் தளத்தில் உட்லண்ட்ஸ், துவாஸ் என்ற இரண்டு எல்லைச் சாவடிகளின் கேமராப் படங்களைப் பார்த்து எந்தப் பக்கம் காலியோ அந்தப் பக்கம் போங்கள். காரில் வருபவர்கள் குடிநுழைவு ஆணையத்தின் மைஐசிஏ செயலியில் கியூஆர் குறியை முன்னாலேயே எடுத்துவைத்தால், சிங்கப்பூர்ச் சாவடியில் ஒவ்வொரு கடப்பிதழாக நீட்ட வேண்டியதில்லை. குடும்பம் முழுவதற்கும் ஒரே குறி எடுக்கலாம்.

வீட்டில் ஏற்கெனவே யாராவது கொடுத்த பெட்ரோல் கேன் இருந்தால் அதையும் இந்த வாரமே முடித்துவிடுங்கள். கழிவறையிலோ கால்வாயிலோ ஊற்றாதீர்கள், இங்கே மழைநீர்க் கால்வாய்கள் நீர்த்தேக்கங்களுக்குப் போகின்றன, அதுதான் சுத்திகரிக்கப்பட்டுக் குழாயில் நமக்கு வருகிறது. பக்கத்துப் பணிமனையில் பேசி எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். என் நண்பர், எங்கள் கதையைக் கேட்டபின், தன் வீட்டில் மிச்சமிருந்த இரண்டு கேனையும் நிறுவனத்தின் கிடங்குக்கே திருப்பிக் கொண்டுபோய்விட்டார். அடுத்த பயணத்துக்கு அவர் கொண்டுவந்து கொடுத்தது பத்து லிட்டர்த் தண்ணீர்க் கேன்.